கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணை: எல்லையோர ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்று வரிசையாகப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ், சந்தை பொள்ளாச்சி. பாலக்காட்டின் மற்ற பகுதிகளுக்குப் பெய்கிற மழை இங்கே பெய்யாது. தென்னையை வேர் வாடலும் வெள்ளை ஈயும் பிடித்த பிறகு, "கம்பெனிக்குக் கோழி வளர்த்தால் என்ன?" என்று கேட்காத தோட்டக்காரர் குறைவு. ஷெட் போடப் போகிறவர்கள், போட்டு மாட்டிக்கொண்டவர்கள், பக்கத்து ஷெட்டின் நாற்றம் தாங்காதவர்கள் என மூன்று தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் தரும் விளம்பரத்தாளில் இதில் பாதிக்குப் பதில் இருக்காது.

ஒப்பந்தப் பண்ணை என்றால் சுருக்கமாக என்ன?

கம்பெனி ஒருநாள் குஞ்சு, தீவனம், மருந்து கொடுக்கும். வாரத்துக்கு ஓரிரு முறை சூப்பர்வைசரை அனுப்பும். ஷெட், தண்ணீர், கரண்ட், தரையில் விரிக்கும் நார்த்தூள், குஞ்சுக்குச் சூடு காட்டும் செலவு, ஆள் கூலி எல்லாம் உங்களுடையது. ஐந்து, ஆறு வாரத்தில் கோழி ஏறக்குறைய இரண்டு கிலோ வந்ததும் கம்பெனியே லாரி அனுப்பிப் பிடித்துக்கொண்டு போகும். உயிர் எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரும். கோழி எந்தக் கட்டத்திலும் உங்களுடையது இல்லை. வீட்டு விசேஷத்துக்கு நாலு கோழி பிடித்தால்கூட அது கணக்கில் குறையும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? நம்ம பக்கம் ஏன் இவ்வளவு ஷெட்?

உடுமலைப்பேட்டையில் 1984ல் சிறிதாகத் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. அதுவரை விவசாயிகளே குஞ்சு வாங்கி, தீவனம் வாங்கி, வியாபாரியிடம் விற்றார்கள். விலை சரிந்தபோதெல்லாம் மொத்தமாக விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்களின் காலி ஷெட்களில்தான் ஒப்பந்தம் வேர் பிடித்தது. பிறகு பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரம் முழுக்கக் கம்பெனிகள் முளைத்தன.

நம்ம பக்கம் வந்ததற்குக் காரணம் வேறு. கோழி தின்பது கேரளம், வளர்ப்பது கொங்கு நாடு. நடுவில் இருப்பது நாம். கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் என்று எந்தச் செக்போஸ்ட் வழியாகவும் தீவன லாரி வந்து போகும். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் கேரளம் கோழிக்கு 14.5 சதவீத வரி போட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஊடுவழிகளில் ராத்திரி ஓடிய கோழி வண்டிகளைப் பற்றி இந்தப் பக்கம் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். 2017 ஜூலையில் அந்த வரி போனது. போன வரியைக் கழித்துக் கிலோ 87 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்று அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் சொல்ல, வியாபாரிகள் கடையடைத்தார்கள். அத்தனை கூச்சலிலும் வளர்ப்புக் கூலி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு பேட்சுக்கு எவ்வளவு கையில் நிற்கும்?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,000 குஞ்சு இறக்குகிறீர்கள். நூற்றுக்கு நான்கு செத்தால் மிச்சம் 4,800. சராசரி இரண்டு கிலோ என்றால் 9,600 கிலோ. கொங்குப் பகுதியில் கூலி நெடுநாள் கிலோவுக்கு ஆறரை ரூபாய் அளவிலேயே கிடந்தது; உயர்த்தச் சொல்லி விவசாயிகள் பலமுறை போராட்டம் நடத்தியதற்கு அதுதான் காரணம். அந்தக் கூலிப்படி 62,400 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கும். இதில் நார்த்தூள், கரி அல்லது கேஸ், கரண்ட், சுண்ணாம்பு, மருந்தடிப்பு, ஷெட்டின் பக்கவாட்டுப் படுதா மாற்றுவது, ஷெட் கடனுக்கு மாதத் தவணை எல்லாம் போக வேண்டும். ஒரு பேட்ச் முடிந்து ஷெட்டைக் கழுவிக் காயவிட்டு அடுத்த குஞ்சு வர இரண்டு வாரம் ஆகும். ஆக, இது ஏறக்குறைய இரண்டு மாத வருமானம். வீட்டு ஆட்களே பார்த்தால் ஏதோ நிற்கும். ஆள் வைத்தால் 5,000 கோழிக்குக் கட்டாது. அதனால்தான் எல்லாரும் "இன்னொரு ஷெட் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்து அடுத்த கடன் வாங்குகிறார்கள்.

வருடத்துக்கு ஆறு பேட்ச் என்று சொல்லித்தான் ஷெட் போட வைப்பார்கள். ஆறு குஞ்சு இறக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காது. சந்தையில் கோழி தேங்கினால் கம்பெனி முதலில் செய்வது குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடுவதுதான். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று புரளி கிளம்பி விலை தரைமட்டமானபோது பல ஷெட்கள் காலியாகக் கிடந்தன. பேங்க் தவணை காத்திருக்கவில்லை.

எஃப்.சி.ஆர். கூடிவிட்டது என்று கூலியைப் பிடிக்கிறார்கள். அது என்ன?

ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தின்றது என்கிற கணக்கு. 1.6 என்றால் இரண்டு கிலோ கோழிக்கு 3.2 கிலோ தீவனம். கம்பெனி வைத்த அளவுக்குக் குறைவாக வந்தால் போனஸ், கூடினால் பிடித்தம். மேலே சொன்ன 9,600 கிலோவுக்கு 1.6 என்பது 1.7 ஆனால் 960 கிலோ தீவனம் கூடுதல். பத்தொன்பது மூட்டை. வெறும் 0.1க்கு இவ்வளவு.

இதில்தான் சண்டையே. எஃப்.சி.ஆர். கெடுவதற்கு விவசாயியின் அலட்சியம் காரணமாக இருக்கலாம்: தட்டில் தீவனம் சிந்துவது, எலி, ஈரமான கூளம் (தரையில் விரித்த நார்த்தூள்), ராத்திரி படுதா இறக்க மறந்தது. ஆனால் குஞ்சே நோஞ்சானாக வந்திருக்கலாம். தீவனத் தரம் மாறியிருக்கலாம். இவை இரண்டும் கம்பெனியின் கையில் இருப்பவை. மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதுதான் லாரி.

கோழி பிடிக்கும் நாளில் நடப்பதைப் பாருங்கள். "இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு வண்டி, சாயங்காலமே தீவனத்தை நிறுத்திருங்க" என்று போன் வரும். வயிற்றில் தீவனத்தோடு ஏற்றினால் வழியில் சாகும் என்பதால் அது சரியான நடைமுறைதான். தீவனத் தட்டுகளைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். வண்டி பத்துக்கு வராது. பன்னிரண்டு, ஒன்று, மூன்று. பசித்த கோழி கூளத்தைக் கிளறிக்கொண்டு நிற்கும், எடை கிராம் கிராமாக இறங்கும். பிறகு பிடிக்கிற பையன்கள் மங்கலான நீல விளக்கில் கைக்கு நாலைந்து கோழியாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் அடைப்பார்கள். தராசில் கூண்டு ஏறும். தூக்கம் சொக்குகிற விவசாயி ஒரு அட்டையில் எழுதுவார். எடை குறைந்தது அவர் கணக்கில். வண்டி இன்றைக்கு வராமல் நான்கு நாள் கழித்து வந்தால் இன்னும் மோசம். பெரிய கோழி தின்பது அதிகம், அதற்கு ஏற எடை ஏறாது, மே மாத வெயிலில் மதியம் மூன்று மணிக்குச் சுருண்டு விழுவதும் அதுதான். அந்தத் தீவனமும் அந்தச் சாவும் யார் தலையில்? ஒப்பந்தத்தில் இத்தனை நாளுக்கு மேல் போனால் கம்பெனி பொறுப்பு என்று ஒரு வரி எழுத வைக்க முடிந்தால், கூலியில் ஐம்பது காசு கூடுவதைவிட அது பெரிது என்பது என் எண்ணம்.

கோழி விலை ஏறினால் நமக்குப் பங்கு உண்டா?

பண்ணை விலையைப் பல்லடத்தில் பி.சி.சி. என்கிற பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கிறது. அது ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கூலி பெரிதாக அசையாது. விலை நன்றாக இருந்தால் சில கம்பெனிகள் கொஞ்சம் ஊக்கத்தொகை தரும். இறங்கும்போது நட்டம் உங்களுக்கு இல்லை என்பது நிஜமான நன்மை, அதை மறுக்கக் கூடாது. சொந்தமாக வளர்த்து ஒரே மாதத்தில் தோட்டத்தை விற்றவர்களை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறோம்.

ஷெட்டில் யார் வேலை பார்க்கிறார்கள்? குடும்பத்துக்குள் என்ன மாறுகிறது?

ஒப்பந்தம் ஆண் பெயரில், வேலை பெண் தலையில். முதல் பத்து நாள் குஞ்சுக்கு ராத்திரி முழுக்கச் சூடு பார்க்க வேண்டும். கூட்டமாக அடுப்பைச் சுற்றி ஒண்டினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். இதை அம்மாக்கள் குஞ்சின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு பேட்ச் நடக்கும்போது கல்யாணம், சாவு, நோம்பி (ஊர்த் திருவிழா) எதற்கும் குடும்பமாக ஊர் போக முடியாது. "ஏனக்கா, நோம்பிக்கு வரலையா?" என்று கேட்டால் "குஞ்சு இறக்கியிருக்குது சாமி" என்பதுதான் பதில்.

பெரிய ஷெட்களில் அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துத் தம்பதிகள் தங்கியிருக்கிறார்கள். ஷெட்டை ஒட்டி ஒரு அறை, குழந்தையும் அங்கேயே. அம்மோனியா நெடி நாள் முழுக்க மூக்கில். கம்பெனி அவர்களைத் தன் ஆள் என்று சொல்லாது. தோட்டக்காரரோ தானே கூலிக்கு வளர்ப்பவர், அவர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி யோசிப்பாரா? குழந்தைகளுக்கு மொழி தெரியாத பள்ளிக்கூடம். உள்ளூரில் நிலமில்லாத எரவாளர் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கோழி பிடிப்பு, எரு அள்ளுவது போன்ற அன்றாடக் கூலி கிடைக்கிறது. தென்னந்தோப்பு வேலை குறைந்த அளவுக்கு அது ஈடு இல்லை.

இன்னொன்று, ஷெட் போட நிலம் வேண்டும், கடனுக்கு ஈடு வேண்டும், போர்வெல் வேண்டும். ஆக, இந்த வருமானம் ஏற்கனவே நிலம் உள்ளவருக்குத்தான் வருகிறது. வாசனை மட்டும் எல்லாருக்கும் பொது.

பக்கத்து ஷெட் நாற்றமும் ஈயும் தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் காரணம் தெரிந்துகொள்ளுங்கள், பேசும்போது உதவும். காய்ந்த கூளம் அவ்வளவாக நாறாது. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகியோ சாரல் அடித்தோ கூளம் நனைந்தால்தான் அம்மோனியா கிளம்பும், ஈயும் முட்டையிடும். நம்ம ஊர் வெக்கையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் இரண்டு முறை கூளத்தைக் கிளறி, நனைந்த இடத்தை அள்ளி, சுண்ணாம்பு தூவினாலே பாதி குறையும். இதைச் செய்யாத பண்ணைக்காரர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கூளம் கிளறக் கூலி கொடுத்துக் கட்டாது என்பதும் உண்மை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நெறிமுறை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர், ஆறு ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் பண்ணை இருக்க வேண்டும் என்கிறது. முன்பு ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருந்தால் வாரியம் கண்டுகொள்ளாது. 2020ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைக் கேள்வி கேட்ட பிறகு, 2021ல் வந்த திருத்திய நெறிமுறை 5,000 கோழிக்கு மேற்பட்ட பண்ணையையும் அனுமதி வட்டத்துக்குள் கொண்டுவந்தது. கேரளப் பக்கம் என்றால் 2012ன் கால்நடைப் பண்ணை உரிம விதிகளின்படி கிராமப் பஞ்சாயத்து உரிமமும் வேண்டும். புகாரை அங்கே எழுத்தில் கொடுப்பது வழி.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், புகார் கொடுப்பவரும் வாங்குபவரும் சொந்தக்காரர்கள். நாலு வீடு சேர்ந்து கேட்டால் "உங்க மாட்டுத் தொழுவம் நாறலையா?" என்று பதில் வரும். ஈ பிரச்சினையில் பேச்சு அறுந்து, கோவில் வரி தனித்தனியாக வசூலான ஊர்கள் உண்டு. கம்பெனி சூப்பர்வைசர் இந்தச் சண்டைக்குள் வரவே மாட்டார். உண்மையில் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

கோழிப் பண்ணையால் நிலத்தடி நீர் வற்றுமா?

இதில் நிறையப் பேர் நினைப்பது தவறு. கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். 5,000 கோழி ஒரு பேட்சுக்கு முப்பதாயிரம் லிட்டர் சுமார். கோடையில் ஒரு ஏக்கர் தென்னைக்கு ஒரு வாரம் பாய்ச்சுவதே அந்த அளவுக்கு வரும். வெயிலில் ஷெட்டைக் குளிர்விக்கத் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் ஓட்டுவது தனி. எப்படிப் பார்த்தாலும் அளவு பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் தரம். எரு குவித்த இடம், செத்த கோழி புதைத்த குழி, ஷெட் கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்கால் இவற்றின் அருகே கிணறோ ஆழமில்லாத போரோ இருந்தால் நைட்ரேட் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளுக்கு இது கூடினால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். நிறத்திலோ ருசியிலோ தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சோதித்தால்தான் தெரியும். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை கோக கோலா ஆலை 2000ல் வந்து 2004ல் மூடியது வரை நடந்ததைப் பார்த்த ஜனம் நாம். அங்கே ஆலை ஒன்று, வாசல் ஒன்று. மறியல் செய்ய இடம் இருந்தது. இங்கே மாசு நூறு தோட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நிற்பவர் நம்ம பங்காளி.

தினமும் சாகிற கோழியை என்ன செய்வது?

நூற்றுக்கு நான்கு என்றால் 5,000க்கு 200. சராசரியாக நாளுக்கு ஐந்து. வெயில் அடித்தால் ஒரே மதியத்தில் ஐம்பது. காலையில் வாளியோடு போய்ப் பொறுக்கி, சூப்பர்வைசர் கணக்குக்காகச் சில நேரம் அவர் வரும் வரை வைத்திருக்கவும் வேண்டும். கோழி கம்பெனியுடையது, செத்த பிறகு மட்டும் அது விவசாயியுடையது. மூடி போட்ட குழி, ஒவ்வொரு அடுக்குக்கும் சுண்ணாம்பு, மண், கிணற்றிலிருந்து விலகிய மேடான இடம் என்பது சரியான வழி. ஓடையில் வீசுவது நடக்கிறது. நாய் இழுத்து ரோட்டில் போடுகிறது. ஏற்கனவே கேரளத்துக் கோழிக் கழிவை ராத்திரியில் லாரியில் கொண்டுவந்து எல்லைத் தோட்டங்களில் கொட்டிப் பிடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு இதுவும் சேர்கிறது.

பறவைக் காய்ச்சல் வந்தால் வேறு கதை. 2014ல் ஆலப்புழைப் பக்கம் வந்தபோதும் அதற்குப் பிறகும், ஒவ்வொரு முறையும் செக்போஸ்டுகளில் வண்டி மறித்துத் தெளிப்பு அடிப்பார்கள், கேரள வண்டி தமிழ்நாட்டுக்குள் திரும்பாது. கோழி எடுக்க ஆள் வராது. அழித்தால் அரசு இழப்பீடு தரும். கோழியின் சொந்தக்காரர் கம்பெனி என்கிறபோது அதில் உங்கள் உழைப்புக்கு எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கோழி எரு தென்னைக்கு நல்லதுதானே?

நல்லதுதான், மக்கிய பிறகு. ஒரு பேட்ச் எரு விற்ற காசில்தான் பலர் கரண்ட் பில் கட்டுகிறார்கள். பச்சையாகப் போட்டால் சூடு, வேர் கருகும், ஈ பறக்கும். மழைக்கு முன் தோட்டத்தில் குவித்து வைத்தால் சத்து மரத்துக்குப் போகாது, ஓடைக்குப் போகும். தார்ப்பாய் போட்டு மூடி, இரண்டு மூன்று மாதம் கிளறி மக்க வைத்தால் போதும்.

ஊசி போட்டுத்தான் கோழியை ஊத வைக்கிறார்களா? ஆன்டிபயாடிக்?

ஹார்மோன் ஊசி கட்டுக்கதை. ஆயிரக்கணக்கான கோழியைத் தினம் பிடித்து ஊசி போட எந்தக் கம்பெனிக்கு ஆள் இருக்கிறது? வேகம் வளர்ப்பு இனத்திலும் தீவனத்திலும் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் கதை உண்மை. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014ல் டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. 2017ல் வட மாநிலங்களில் பண்ணை எருவையும் சுற்றியுள்ள மண்ணையும் சோதித்தபோது மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே இருந்தன. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் தடை வந்தது. உங்கள் ஷெட்டுக்கு வரும் மருந்துப் புட்டியின் பெயரை எழுதி வையுங்கள். ஒப்பந்தப்படி அதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை. கையில் தொடுவது, மூச்சில் இழுப்பது, கிணற்றுப் பக்கம் கொட்டுவது நீங்கள்.

கம்பெனி தமிழ்நாட்டில், ஷெட் கேரளாவில். தகராறு வந்தால் எந்தச் சட்டம்?

ஒப்பந்தப் பண்ணைக்கென்று தமிழ்நாடு 2019ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2018ன் மத்திய மாதிரிச் சட்டத்தை ஒட்டியது. பெயரிலேயே கால்நடையும் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், தகராறுக்கு அதிகாரி இருப்பார். பொள்ளாச்சிப் பக்கத்து ஷெட்காரர் கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது, "பதிவு பண்ணியாச்சுங்களா?" என்பதுதான்.

கேரளத்தில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872ன் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் கம்பெனி இருக்கும் ஊர். எழுபதாயிரம் ரூபாய் பாக்கிக்கு எருத்தேம்பதியிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா கோயம்புத்தூர் போக யாருக்கு நேரம்? சில இடங்களில் நிரப்பாத காசோலையும் ஈடாகக் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொகை எழுதி, எதற்கென்று எழுதி, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

டெல்லியில் விவசாயிகள் போராடி ரத்து செய்ய வைத்த சட்டம் இதுதானா?

அது 2020ன் மத்தியச் சட்டம், 2021 முடிவில் ரத்தானது. தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. கம்பெனி ஒப்பந்தங்களோ எந்தச் சட்டமும் வருவதற்கு முப்பது வருடம் முன்பே நடந்துகொண்டிருந்தவை, ரத்தான பிறகும் நடக்கின்றன.

ஆந்திர எல்லையில் வெள்ளரிப்பிஞ்சு ஒப்பந்தம் பரவாயில்லை என்கிறார்களே?

கிருஷ்ணகிரி, குப்பம் பக்கம் ஊறுகாய் வெள்ளரி 1990களிலிருந்து ஒப்பந்தத்தில்தான் விளைகிறது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா சேர்த்து ஏறக்குறைய 65,000 ஏக்கர், 90,000 சிறு குறு விவசாயிகள் என்று மத்திய அரசு 2022ல் சொன்னது. 90 நாள் பயிர். அங்கே நல்ல விஷயம், ஷெட் போல நிலத்தில் கடன் ஊன்றி நிற்பதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த பருவம் தக்காளி போடலாம். வாங்குகிற வெளிநாட்டுக்காரன் மருந்து எச்சம் பார்ப்பதால் கம்பெனி தெளிப்பைக் கண்காணிக்கிறது.

கஷ்டமும் உண்டு. காய் சிறிதாக இருந்தால் விலை அதிகம், ஒரு நாள் பறிக்கத் தவறினால் தடித்து அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். அதனால் தினமும் குனிந்து பறிக்க வேண்டும், அதைச் செய்வது பெண்கள், பள்ளி போகும் முன் பிள்ளைகள். தரம் பிரிப்பது கம்பெனியின் சேகரிப்பு மையத்தில். இங்கே தராசு, அங்கே சல்லடை.

கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் 'கேரள சிக்கன்' எப்படி?

அதுவும் ஒப்பந்த வளர்ப்புதான்; குஞ்சும் தீவனமும் கொடுத்துத் திரும்ப வாங்குவது கம்பெனிக்குப் பதில் குடும்பஸ்ரீயின் உற்பத்தியாளர் நிறுவனம். வளர்ப்பவர்கள் பெண்கள், ஒப்பந்தமும் அவர்கள் பெயரில். அந்த ஒன்றுக்காகவே விசாரித்துப் பார்க்கலாம். நாற்றம், ஈ, செத்த கோழி இவற்றுக்கு அரசுக் கோழி, தனியார் கோழி என்ற வித்தியாசம் கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மேலே சொன்னவை போக, ஒரே ஒரு வேலை: அதே கம்பெனிக்கு வளர்க்கும் மூன்று பேரிடம் கடைசி மூன்று பேட்சின் கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாய்க்கணக்கு வேண்டாம், சீட்டு. அதில் முதல் வாரச் சாவு, எத்தனையாவது நாள் வண்டி வந்தது, பிடித்தம் எவ்வளவு, பணம் ஏறிய தேதி இந்த நான்கும் இருக்கும். கோழி போன நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளி பேட்சுக்குப் பேட்ச் நீண்டுகொண்டே போனால் அந்தக் கம்பெனிக்குக் காசுக் கஷ்டம். வேறு இடம் பாருங்கள். சூப்பர்வைசர் நல்ல பையனாக இருப்பார், பெரும்பாலும் நம்ம ஊர்ப் பையனே. அவர் வாய்வார்த்தை கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

கம்பெனி குஞ்சு தருவதை நிறுத்திவிட்டால் ஷெட்டை என்ன செய்வது?

வேறு கம்பெனியிடம் போகலாம், ஆனால் முந்தைய கம்பெனியின் பாக்கியில்லாச் சான்று கேட்பார்கள். அதை வாங்குவதற்குள் இரண்டு பேட்ச் போய்விடும். நாட்டுக்கோழி விட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கறிக்கோழி ஷெட்டின் இடம் போதும், சந்தையை நீங்களே தேட வேண்டும். ஆடு விடுவதென்றால் தரையிலிருந்து உயர்த்திப் பரண் போட வேண்டும், செலவு. தேங்காய்ப் பருப்பு உலர்த்தவும் நார் மூட்டை அடுக்கவும் வாடகைக்கு விடுபவர்கள் அதிகம், கொழிஞ்சாம்பாறை ரோட்டோரம் என்றால் ஆள் கிடைக்கும். உள்ளே தள்ளிய தோட்டம் என்றால் கஷ்டம். கிழக்கு மேற்காக நீளமாகக் கட்டிய கட்டடம் கோழிக்குச் சரி, வேறு எதற்கும் அவ்வளவு தோதாக இருக்காது. தகரத்தையும் இரும்பையும் கழற்றி விற்றால் பழைய விலைதான் வரும். பேங்கில் முன்கூட்டியே போய்த் தவணையைத் திருத்தி அமைக்கக் கேட்டால் சில மேலாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். மூன்று தவணை நின்ற பிறகு போனால் கணக்கு வாராக்கடனில் போயிருக்கும், அப்புறம் பேச்சே வேறு.